2015-ல இங்க தண்ணி வந்துச்சா? ஒரே தெருவில் நாலு பதில் வருவது ஏன்?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் வீடு பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி விலை. இரண்டாவது கேள்வி, "2015-ல இங்க தண்ணி வந்துச்சா?"

புரோக்கர், "ஒரு சொட்டு வரல சார், மேட்டுப் பகுதி" என்பார். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர், "முட்டி அளவுக்கு வந்துச்சு, ரெண்டு நாள்ல வடிஞ்சிடுச்சு" என்பார். எதிர்வீட்டுப் பாட்டி, "இடுப்பு வரைக்கும்பா. நடுராத்திரியில செம்பரம்பாக்கத்தைத் திறந்து விட்டுட்டானுங்களே" என்பார். அந்த வீட்டு மருமகள் உள்ளேயிருந்து, "அத்தை, இடுப்பு வரைக்கும் வந்தது மிக்ஜாம் புயலப்போ. 2015-ல நம்ம வீட்டுக்குள்ள வரவே இல்ல" என்று திருத்துவார்.

புரோக்கருக்குப் பொய் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. மற்ற மூன்று பேருக்கும் எந்தக் காரணமும் இல்லை. மூவரும் அதே தெருவில் அந்த நாட்களைக் கடந்தவர்கள், மூவரும் நல்ல நினைவோடுதான் பேசுகிறார்கள். அப்புறம் எப்படி முட்டி, இடுப்பு, ஒன்றுமில்லை என்று மூன்று கணக்கு? இந்தக் கேள்வியை அறிவாற்றல் உளவியல் கிட்டத்தட்ட நூறு வருஷமாக ஆராய்ந்துகொண்டிருக்கிறது. அதன் பதில், இருபது வருஷத்துக்கு ஹோம் லோன் போடப் போகிறவர்களுக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது.

முதலில் அந்தப் பாட்டியின் பதிலைப் பார்க்கலாம். அதில்தான் சுவாரஸ்யம் அதிகம்.

ஏரி ஒரு பக்கம், கதை ஒரு பக்கம்

2015 டிசம்பர் 1-ம் தேதி மழை சாதாரண மழை இல்லை. டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ.க்கு மேல் பெய்தது. அதற்கு முந்தைய நவம்பரில் மட்டும் நுங்கம்பாக்கத்தில் 1,000 மி.மீ.க்கு மேல் பெய்திருந்ததால் ஏரிகள் எல்லாம் ஏற்கெனவே தளும்பிக்கொண்டிருந்தன. அன்று காலை நூற்றுக்கணக்கான கன அடியில் இருந்த செம்பரம்பாக்கம் நீர் திறப்பு, மாலைக்குள் விநாடிக்கு 29,000 கன அடி வரை போனது. அடையாற்றின் கரையில் இருந்தவர்கள் தூக்கத்தில் எழுந்து மொட்டை மாடிக்கு ஓடினார்கள். இதை 'மனிதத் தவறால் வந்த பேரிடர்' என்ற ரீதியில் குறிப்பிட்ட மத்திய தணிக்கைத் துறை அறிக்கை 2018-ல் சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது. தாம்பரம் சுற்றுவட்டார ஏரிகளின் தண்ணீரும் அடையாற்றில் தனியாக வந்து சேர்ந்தது. யார் மீது எவ்வளவு தவறு என்பது இன்றும் ஓயாத வழக்கு. அது இங்கே வேண்டாம்.

இங்கே வேண்டியது ஒரு சின்னப் பூகோளம். செம்பரம்பாக்கம் ஷட்டரைத் திறந்தால் தண்ணீர் எங்கே போகும்? ஒவ்வொரு வருஷமும் திறப்பதற்கு முன்னால் வரும் வெள்ள எச்சரிக்கையிலேயே பட்டியல் இருக்கும்: சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதலம்பேடு, திருநீர்மலை. அங்கே அடையாற்றில் சேர்ந்து சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வழியாகக் கடலுக்குப் போகும். அந்தப் பட்டியலில் அம்பத்தூர் கிடையாது, ஆவடி கிடையாது. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்குப் போகும், அங்கிருந்து ரெட்டேரி. ஆவடி பருத்திப்பட்டு ஏரியின் உபரி கூவத்துக்குப் போகும். ஏரிக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கும் பூந்தமல்லிக்காரர்களுக்குக்கூட, திறந்துவிட்ட தண்ணீர் போகும் திசை ஊருக்குத் தெற்கே.

அதாவது, அம்பத்தூர் தெருவில் தண்ணீர் வந்தது நிஜம். பாட்டி நின்றதும் நிஜம். அந்தத் தண்ணீருக்குச் செம்பரம்பாக்கம் காரணம் என்பது மட்டும் வேறு எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது. டிவியில் பார்த்தது, பஸ்ஸில் கேட்டது, தம்பி மகன் சைதாப்பேட்டையில் இருந்து போன் பண்ணிச் சொன்னது எல்லாம் ஒன்றாகக் கலந்து, அவருடைய சொந்த அனுபவமாகவே மாறிவிட்டது. ஒரு விஷயம் ஞாபகம் இருக்கும். அது எங்கிருந்து வந்தது என்ற லேபிள் மட்டும் கிழிந்து போயிருக்கும். கண்ணால் பார்த்ததா, யாராவது சொன்னதா, கற்பனை செய்துகொண்டதா என்று பிரித்துப் பார்க்கும் வேலையை மூளை செய்கிறதுதான். ஆனால் அந்த வேலையில் அது அவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருப்பதில்லை.

இதற்கு நெதர்லாந்தில் ஒரு பிரமாதமான உதாரணம் உண்டு. 1992 அக்டோபர் 4-ம் தேதி ஆம்ஸ்டர்டாமில் எல் அல் நிறுவனத்தின் சரக்கு விமானம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் மோதியது. மோதிய நொடியை யாரும் படம் பிடிக்கவில்லை. டிவியில் வந்ததெல்லாம் அதற்குப் பிறகு எடுத்த காட்சிகள். சில மாதங்கள் கழித்து ஆய்வாளர்கள், "விமானம் மோதும் காட்சியை டிவியில் பார்த்தீர்களா?" என்று கேட்டார்கள். 193 பேரில் 107 பேர், அதாவது 55 சதவீதம், "பார்த்தோம்" என்றார்கள். இல்லாத வீடியோவைப் பாதிக்கு மேற்பட்டவர்கள் பார்த்திருந்தார்கள். கேட்டவர்கள் கேள்வியிலேயே ஒரு தூண்டிலைப் போட்டிருந்தார்கள் என்பது உண்மைதான். நம்ம ஊரில் அந்தத் தூண்டிலை வருஷா வருஷம் அக்டோபர் பிறந்தால் யாராவது போட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

2015-ல் நிலைமை இன்னும் வசதியாக இருந்தது, அதாவது ஞாபகங்கள் கலந்து போக. கரன்ட் இல்லை, செல்போன் டவர் வேலை செய்யவில்லை. 1878-ல் தொடங்கிய 'தி இந்து' நாளிதழே டிசம்பர் 2 அன்று சென்னையில் அச்சாகவில்லை. மக்கள் தங்கள் தெருவை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கரன்ட் வந்து டிவியைப் போட்டபோது கோட்டூர்புரமும் முடிச்சூரும் மணப்பாக்கமும் திரும்பத் திரும்ப ஓடின. சொந்தத் தெருவின் காட்சிகளும் டிவி காட்சிகளும் சில நாள் இடைவெளியில் ஒரே பீரோவில் போய் அடைந்தன.

"நல்லா ஞாபகம் இருக்கு" என்பதன் மதிப்பு எவ்வளவு?

பெரிய அதிர்ச்சியான சம்பவங்கள் கேமரா ஃபிளாஷ் அடித்த மாதிரி மனசில் பதிந்துவிடும் என்று 1977-ல் ரோஜர் பிரவுன், ஜேம்ஸ் குலிக் என்ற இரண்டு பேர் எழுதினார்கள். கென்னடி கொல்லப்பட்ட செய்தி வந்தபோது எங்கே நின்றோம், யார் சொன்னார்கள் என்பதெல்லாம் பலருக்குப் பளிச்சென்று ஞாபகம் இருந்ததை வைத்து வந்த முடிவு அது. கேட்க நன்றாக இருக்கிறது. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 காலை என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று தமிழ்நாட்டில் யாரைக் கேட்டாலும் டக்கென்று ஒரு பதில் வரும்.

அந்தப் பதில் சரியா என்று சோதித்துப் பார்த்தவர் உல்ரிக் நைஸர். அறிவாற்றல் உளவியல் என்ற துறைக்கே பெயர் நிலைக்கக் காரணமான புத்தகத்தை 1967-ல் எழுதியவர். 1986 ஜனவரி 28-ம் தேதி சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலையில் எமரி பல்கலைக்கழக மாணவர்கள் 106 பேரிடம், செய்தியை எப்படிக் கேள்விப்பட்டார்கள் என்று எழுதி வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டரை வருஷம் கழித்து அவர்களில் 44 பேரைப் பிடித்து மறுபடி எழுதச் சொன்னார். ஏழு மதிப்பெண்ணுக்குச் சராசரி மூன்றைக்கூடத் தொடவில்லை. கால்வாசிப் பேருக்குப் பூஜ்யம்: எங்கே இருந்தார்கள், யார் சொன்னார்கள், எல்லாமே மாறியிருந்தது. முழு மதிப்பெண் வாங்கியவர்கள் மூன்றே பேர்.

அதைவிட வேடிக்கை, அவர்கள் கையெழுத்திலேயே எழுதியிருந்த பழைய தாளை எடுத்துக் காட்டியபோது நடந்தது. "ஓ, அப்படியா? ஆமாம், இப்ப ஞாபகம் வருது" என்று பழைய நினைவு திரும்பும் என்று எதிர்பார்த்தார்கள். திரும்பவே இல்லை. புதிய கதைதான் நிஜம் என்று மாணவர்கள் உறுதியாக நின்றார்கள்.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு மறுநாள் டியூக் பல்கலைக்கழகத்தில் 54 மாணவர்களை வைத்து இன்னொரு ஆய்வு நடந்தது. தாக்குதல் பற்றிய ஞாபகத்தையும், அதே வாரத்தில் நடந்த ஏதோ ஒரு சாதாரண விஷயம் பற்றிய ஞாபகத்தையும் சேர்த்து எழுதி வாங்கினார்கள். நாள் ஆக ஆக இரண்டு ஞாபகமும் ஒரே வேகத்தில்தான் மாறின. ஒரே ஒரு வித்தியாசம்: சாதாரண நாள் பற்றி அவர்களுக்கே நம்பிக்கை குறைந்துகொண்டே வந்தது, தாக்குதல் பற்றிய நம்பிக்கை குறையவே இல்லை.

வீடு பார்க்கப் போகிறவர் கவனிக்க வேண்டியது இந்த ஒரு வரிதான். பயத்தோடும் பதற்றத்தோடும் பதிந்த ஞாபகத்தில் உறுதி கூடும், துல்லியம் அதற்குத் தகுந்த மாதிரி கூடுவதில்லை. தண்ணீர் வந்தது, பயந்தோம், தூக்கிக்கொண்டு ஓடினோம் என்கிற மையம் பெரும்பாலும் நிற்கும். எத்தனை அடி, எத்தனை மணிக்கு, எந்த வருஷம், எந்தப் பக்கத்தில் இருந்து வந்தது என்கிற ஓரங்கள் அரிந்துபோகும். பயத்தில் இருக்கும் மனசு ஒரு சின்ன டார்ச் லைட் மாதிரி, அது அடித்த இடம் மட்டும்தான் தெரியும். அன்றைக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்ற அம்மாவின் டார்ச் குழந்தை மேல் இருந்தது. பிரிட்ஜைக் கட்டிலின் மேல் ஏற்றிய மாமாவின் டார்ச் பிரிட்ஜ் மேல். தண்ணீர் எவ்வளவு உயரம் என்று கேட்டால் அம்மா குழந்தையின் கால் நனைந்ததை வைத்துச் சொல்வார், மாமா பிரிட்ஜை வைத்துச் சொல்வார். இரண்டு அளவும் ஒத்துப் போனால்தான் ஆச்சரியம்.

அப்போது மூன்று வயதுக்கு உட்பட்டிருந்த பிள்ளைகள் இப்போது வளர்ந்துவிட்டார்கள். அவர்களில் சிலரும் "எனக்கு ஞாபகம் இருக்கு, படகுல போனோம்" என்பார்கள். அந்த வயதுக்கு முந்தைய சம்பவங்கள் பெரும்பாலும் யாருக்குமே நிற்பதில்லை. அவர்களுக்கு ஞாபகம் இருப்பது, அப்பாவின் போனில் இருக்கும் போட்டோ.

சரி, சிலருக்கு மட்டும் அபார ஞாபகசக்தி இருக்குமே, அவர்களைக் கேட்டால்? அப்படிப்பட்டவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். எந்தத் தேதியைச் சொன்னாலும் அன்றைக்குக் கிழமை என்ன, என்ன சாப்பிட்டோம் என்று சொல்லிவிடுவார்கள். அமெரிக்காவில் அப்படி 20 பேரைக் கூப்பிட்டுச் சோதித்து 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். பொய் ஞாபகத்தை உண்டாக்கும் சோதனைகளில் அவர்களும் சாதாரண ஆட்களைப் போலவே மாட்டிக்கொண்டார்கள்.

கேள்வியே பதிலை மாற்றும்

எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் இருவரும் 1974-ல் செய்த கார் விபத்துச் சோதனை ரொம்பப் பிரபலம். ஒரே வீடியோவைக் காட்டிவிட்டு, ஒரு குழுவிடம் "கார்கள் இடித்து நொறுங்கியபோது வேகம் எவ்வளவு?" என்றும், இன்னொரு குழுவிடம் "கார்கள் உரசியபோது வேகம் எவ்வளவு?" என்றும் கேட்டார்கள். முதல் குழுவின் சராசரி மணிக்கு 40.8 மைல், இரண்டாவது 31.8 மைல். ஒரு வினைச்சொல்லுக்கு ஒன்பது மைல். அடுத்த சோதனையில் ஒரு வாரம் கழித்து, "உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார்கள். வீடியோவில் உடைந்த கண்ணாடியே கிடையாது. 'நொறுங்கியது' என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் "பார்த்தோம்" என்றார்கள். 'மோதியது' என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர்.

இதை நம்ம தெருவுக்குக் கொண்டு வந்தால்: "இங்க ரொம்ப தண்ணி நின்னுச்சாமே?" என்று கேட்டால் ஒரு பதில். "இங்க ஒண்ணும் பெருசா வரலைல்ல?" என்று கேட்டால் வேறு பதில். பெரும்பாலானவர்கள் வீடு பிடித்துப்போன பிறகுதான் அக்கம்பக்கம் விசாரிக்கவே போகிறார்கள். பிடித்துப்போனவர் எந்தக் கேள்வியைக் கேட்பார் என்று சொல்லத் தேவையில்லை.

அக்கம்பக்கத்தில் நாலு பேரைக் கேட்டு நாலு பேரும் ஒரே மாதிரி சொன்னால் போதாதா என்றால், அதுவும் போதாது. 2003-ல் பிரிட்டனில் செய்த ஒரு சோதனையில் இரண்டு இரண்டு பேராக உட்கார வைத்து ஒரே சம்பவத்தின் வீடியோவைக் காட்டினார்கள். ஆனால் இருவருக்கும் வெவ்வேறு கோணத்தில் எடுத்தது. ஒருவர் பார்த்த சில விஷயங்கள் இன்னொருவருக்குத் தெரியவே தெரியாது. பார்த்து முடித்து இருவரும் பேசிக்கொண்ட பிறகு தனித்தனியாகக் கேட்டால், 71 சதவீதம் பேர் தாங்கள் பார்க்காத ஒன்றைப் பார்த்ததாகச் சொன்னார்கள். தெருக்காரர்கள் பத்து வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய நாலு சாட்சி, பல சமயம் ஒரே சாட்சியின் நாலு ஜெராக்ஸ்.

கார் மேம்பாலத்துக்குப் போனது தப்பா?

ஞாபகம் இப்படி என்றால், அதை வைத்து மனிதர்கள் நடந்துகொள்வது எப்படி இருக்கும்? 2024 அக்டோபரில் சென்னைக்கு ரெட் அலர்ட் கொடுத்தபோது அதைப் பார்க்க முடிந்தது. வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசை கட்டி நின்றன. கடைகளில் பாலும் பிரெட்டும் தீர்ந்தன. அடுத்த நாள் எதிர்பார்த்த பெருமழை வரவில்லை. மீம்ஸ் பறந்தது.

அந்தக் கேலி நியாயமே இல்லாதது. காரை மேம்பாலத்தில் விட்டவருக்கு ஆன செலவு ஒரு ராத்திரி அலைச்சல். விடாமல் இருந்து தண்ணீர் வந்திருந்தால் இன்ஜின் போயிருக்கும். மழை வந்தாலும் வராவிட்டாலும் அந்த முடிவு சரியான முடிவு. ஆனால் மனசு அப்படிக் கணக்குப் போடுவதில்லை. விளைவை வைத்துத்தான் முடிவை எடைபோடுகிறது. 'போன தடவை கிலி கிளப்புனாங்க, ஒண்ணும் வரல' என்பது ஒரு பாடமாக உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது. அமெரிக்கப் புயல் பகுதிகளில் இதை ஆராய்ந்தவர்கள் 2011-ல் எழுதினார்கள்: மயிரிழையில் தப்பித்த அனுபவம் ஒருவரை உஷாராக்குவதைவிட, அசட்டையாக்குவதற்கு வாய்ப்பு அதிகம்.

ஒரே எச்சரிக்கைக்கு ஆளுக்கொரு மாதிரி நடந்துகொள்வதற்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது. ஒரு ஆபத்து எவ்வளவு சாத்தியம் என்று யோசிக்கும்போது, அதற்கு உதாரணம் மனசில் எவ்வளவு சுலபமாக வருகிறது என்பதை வைத்தே பெரும்பாலும் மதிப்பிடுகிறோம் என்று 1973-ல் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் காட்டினார்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையைப் பாருங்கள். 1960-களில் உருவான இடம், 2015-லும் 2023 மிக்ஜாமிலும் தண்ணீர் புகுந்தது. இரண்டு தடவையும் மோட்டாரையும் மெஷினையும் ரிப்பேர் பண்ணி, டெலிவரி தேதி தவறி, பேங்க் வட்டி கட்டிய முதலாளிக்கு வானம் கறுத்தாலே உதாரணம் வந்துவிடும். மெஷினுக்கு மேடை கட்டி ஏற்றிவிடுவார். பக்கத்து ஷெட்டுக்குப் போன வருஷம் வாடகைக்கு வந்தவருக்கு வானிலை அறிக்கையில் வரும் எண் வெறும் எண். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து பட்டரவாக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் தொழிலாளிக்கு 2015 என்ற வார்த்தைக்கே அர்த்தம் கிடையாது. முதலாளி பயந்தாங்கொள்ளியும் இல்லை, பக்கத்து ஷெட்காரர் அலட்சியக்காரரும் இல்லை. இருவர் தலைக்குள்ளும் ஓடும் படம் வேறு வேறு.

ஓடும் படமும் சீக்கிரம் மங்கிவிடும். அமெரிக்காவில் வெள்ளக் காப்பீடு எடுப்பவர்கள் சராசரியாக இரண்டிலிருந்து நான்கு வருஷத்தில் அதை விட்டுவிடுகிறார்கள். வெள்ளம் வந்த கையோடு எடுப்பார்கள், ரெண்டு மூணு வருஷம் ஒன்றும் நடக்காவிட்டால் 'வெட்டிச் செலவு' என்று நிறுத்திவிடுவார்கள். இங்கே கார் இன்ஷூரன்ஸில் இன்ஜின் பாதுகாப்புக்குத் தனியாகக் கட்டும் கொஞ்சம் பணத்தை எத்தனை பேர் மூன்றாவது வருஷம் வெட்டுகிறார்கள் என்பது ஏஜென்ட்டுகளுக்குத் தெரியும்.

மக்கள் மறந்துவிடுவார்கள் என்ற வசனம்

ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் டிவி விவாதத்தில் யாராவது, "மக்கள் மறந்துடுவாங்க சார்" என்பார். இது பாதி உண்மை. ஜனங்கள் மறப்பதில்லை, நெஞ்சில் அடித்துக்கொண்டு ஞாபகம் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த ஞாபகத்தில் வருஷம் மாறியிருக்கும், அளவு மாறியிருக்கும், காரணம் மாறியிருக்கும். மறந்தவனாவது தேடிப் பார்ப்பான், தப்பாக ஞாபகம் வைத்திருப்பவன் தேடவே மாட்டான். அம்பத்தூரில் தேங்கும் தண்ணீருக்குச் செம்பரம்பாக்கம் காரணம் என்று நம்புகிறவர், கொரட்டூர் ஏரிக்குப் போகும் கால்வாய் தூர் வாரப்பட்டதா என்று வார்டு கவுன்சிலரைக் கேட்க மாட்டார். கேட்க வேண்டிய ஆளும் தப்பித்துக்கொள்வார். தப்பான ஞாபகத்துக்கு உள்ளூரில் ஆகும் அசல் செலவு அதுதான்.

இதற்குத் தனி மனிதரைக் குறை சொல்வதில் பிரயோஜனம் இல்லை. மூளை வேலை செய்யும் விதமே அப்படி. செக் குடியரசில் வல்டாவா ஆற்றங்கரையில் ஒன்பது நூற்றாண்டுகளில் உருவான 1,293 குடியிருப்புகளை ஆராய்ந்து 2019-ல் ஒரு கட்டுரை வந்தது. பெருவெள்ளம் வந்த பிறகு ஒரு தலைமுறைக்கு, புதிய ஊர்கள் ஆற்றை விட்டுத் தள்ளி, மேட்டில் அமைந்தன. அடுத்த தலைமுறையில் மறுபடி ஆற்றை நோக்கி இறங்கின. வெள்ளத்தைப் பார்த்தவர்கள் உயிரோடு இருக்கும்வரைதான் அந்தப் பயம் வேலை செய்தது. ஏழு பெருவெள்ளம், ஏழு தடவையும் அதே கதை.

ஜப்பானில் அனெயோஷி என்ற சின்னக் கிராமம் இதற்கு வேறு வழி கண்டுபிடித்தது. 1933 சுனாமிக்குப் பிறகு, 'இந்தக் கல்லுக்குக் கீழே வீடு கட்டாதே' என்று ஒரு கல்லில் வெட்டி மலைச்சரிவில் நட்டார்கள். 2011-ல் வந்த சுனாமி அந்தக் கல்லுக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டது. மேலே இருந்த வீடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. யாருடைய ஞாபகசக்தியையும் நம்ப வேண்டிய அவசியம் அந்த ஊருக்கு இருக்கவில்லை.

நம்ம பக்கமும் இப்படி ஒரு கல் இருக்கிறது, யாரும் படிப்பதில்லை என்பதுதான் விஷயம். முகப்பேரில் ஒரு பகுதியின் பெயரே 'ஏரி ஸ்கீம்'. பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் தினமும் ஆயிரம் தடவை உச்சரிக்கப்படும் பெயர். கேட்டுக் கேட்டு அது வெறும் சத்தமாகிவிட்டது. பெயரிலேயே ஏரியை வைத்துக்கொண்டு, மழைக்குத் தண்ணீர் நின்றால் "இங்க எப்படி சார் தண்ணி வந்துச்சு?" என்று கேட்பது மனித மனசுக்கு மட்டுமே முடிகிற காரியம்.

செய்ய வேண்டியதில் பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும், தண்ணீர் வடியும் முன்பே, ரேஷன் கடைச் சுவர், பள்ளிக்கூடச் சுவர், தெரு மின்பெட்டி இவற்றில் தேதியோடு ஒரு கோடு. அம்பத்தூர் சென்னை மாநகராட்சியின் ஏழாவது மண்டலம், ஆவடி 2019-லிருந்து தனி மாநகராட்சி, பூந்தமல்லி நகராட்சி. மூன்றும் வேறு வேறு நிர்வாகம் என்பதால் கோட்டை யார் போடுவது என்பதிலேயே இழுபறி வரலாம். ரியல் எஸ்டேட்காரர்கள் சும்மா இருக்க மாட்டார்கள், சொந்த வீடு வைத்திருப்பவர்களும் முணுமுணுப்பார்கள்: "எங்க தெருவுக்கு விலை இறங்கிடும்." இறங்கும்தான். அந்தக் கோடு இல்லாததால் இப்போது அந்த விலையைக் கொடுப்பது விஷயம் தெரியாமல் வாங்க வருகிற 28 வயதுப் பையனோ பெண்ணோ. பூந்தமல்லி வரை மெட்ரோ பாதை நீள்வதை நம்பி, போரூர் தாண்டி இரு பக்கமும் எழும்பும் அபார்ட்மென்ட்களுக்கு அட்வான்ஸ் கொடுப்பவர்களில் பலர் 2015-ல் வேறு ஊரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர்கள்.

அதுவரை, வீடு பார்க்கப் போகிறவர் வாயால் வரும் பதிலைவிடச் சுவரில் இருக்கும் பதிலைத் தேடலாம். கரன்ட் மீட்டர் பெட்டி பழைய இடத்திலிருந்து மேலே தூக்கி மாட்டப்பட்டிருக்கிறதா? தெருவில் புதிதாகக் கட்டிய வீடுகளின் தரைமட்டம் பழைய வீடுகளைவிட எத்தனை படி உயரம்? தரைத்தள வாசலில் ஓரடிச் சுவர் எழுப்பியிருக்கிறார்களா? கதவுக்குப் பின்னால், பெயின்ட் அடிக்க மறந்த மூலையில் கறை எந்த உயரத்தில் நிற்கிறது? கிராம வரைபடத்தில் அந்த சர்வே எண்ணுக்குப் பக்கத்தில் ஏரியோ ஓடையோ இருக்கிறதா? "தண்ணி வந்துச்சா?" என்று கேட்பதற்குப் பதிலாக, "அப்போ எடுத்த போட்டோ ஏதாவது இருக்கா?" என்று கேட்கலாம். போட்டோவில் தேதி இருக்கும், கேட் தெரியும், கேட்டில் எத்தனையாவது கம்பி வரை தண்ணீர் என்று எண்ணிப் பார்க்கலாம்.

ஒரு சிக்கல் உண்டு. 2015-ல் போட்டோ எடுத்த போன்களில் பெரும்பாலானவை எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் போய்விட்டன. வீட்டில் யாருடைய பழைய போனாவது டிராயரில் கிடந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை சார்ஜ் போட்டுப் பார்க்கலாம்.